பழமைக்கு விலை என்ன?

பொருள்களுக்கும் வயது உண்டு. முதுமை எய்திய பொருள்களைப் பெரும்பாலும் நாம் ஒதுக்கிவிடுகிறோம். கிழிந்த பாய் கொல்லைக்குப் போகிறது. ஒடுங்கிய பாத்திரம் பழைய பாத்திரக்காரரின் சாக்குக்குள் போகிறது. ஆட்டங்கண்ட நாற்காலி அடுப்புக்கு விறகாகிறது. ஆயினும் சில பொருள்கள் இவ்விதிக்கு விலக்காக நிற்கின்றன. வயது ஏற ஏற அவற்றின் விலையும் ஏறுகிறது. புதிதாக இருந்த நாளில் ஏனென்று கேட்பாரற்றுக் கிடந்தவற்றை, முதுமை வந்தபின் போட்டியிட்டு வாங்குகிறார்கள்.

இஃது எவ்வாறு நேர்கிறது? பழமை என்பது விற்கவும் வாங்கவும் கூடிய சரக்குத்தானா? சரக்கென்றால், அதை விற்பதற்கு உரிமை உடையவர் யார்? வாங்கியவருக்கு அதன்பின் ஏதேனும் கடமை உண்டா? இவ்வினாக்களை எனக்கு எழுப்பியது என் வீட்டுக் கூடத்தில் கிடக்கும் ஒரு சலவைக்கல் மேசை. அதன் எதிரில் நான் நாணி நின்ற ஒரு மாலைப்பொழுதைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். அதற்குமுன், அத்தகைய மேசைகள் எவை, அவற்றை ஏன் சேகரிக்கிறார்கள் என்பதைச் சற்றே விளக்குவது நன்று.

இருக்கையின் முன்னே முழங்கால் உயரத்தில் அமைந்து, வந்தவருக்குக் கொடுக்கும் கோப்பையைத் தாங்கும் சிறுமேசையைக் காப்பி மேசை என்கிறோம். அதன் பெயரிலேயே விருந்தோம்பல் அடங்கியிருக்கிறது. யமன் நாட்டுச் சூஃபிகள் இரவு வணக்கத்தில் விழித்திருப்பதற்காகக் கூடியிருந்து பருகிய பானம் காப்பி. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் இஸ்தான்புல்லில் காப்பிக்கடைகள் தோன்றின. அங்கும் அது நாலுபேர் கூடிப் பேசுவதற்குத் துணையாகவே இருந்தது. ஆகவே அக்கோப்பையைத் தாங்கும் மேசையும் மற்றவருக்காகவே பிறந்தது எனல் பொருந்தும்.

சலவைக்கல் பதித்த இத்தகைய மேசைகளைத் தேடிச் சேகரிப்போர் இன்று பல நாடுகளில் உள்ளனர். சட்டத்தின் கண்ணுக்கு இவை தொல்பொருள்கள் அல்ல. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் பொதுவாக 100 ஆண்டுக்குக் குறையாத பொருள்களையே தொல்பொருளாகக் கொள்கிறது. இம்மேசைகளுள் பலவற்றின் வயது 50, 60, 70 என்ற அளவில்தான் நிற்கிறது. இவற்றை 'விண்டேஜ்' என்னும் சொல்லால் குறிப்பர். திராட்சை அறுவடையைக் குறிக்கப் பிறந்த அச்சொல், நாளடைவில் எந்த ஆண்டின் விளைச்சல் என்பதைச் சுட்டி, பின்னர் மேசை நாற்காலிகளுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

இவற்றுள் புகழ்பெற்ற இரண்டை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். ஃபின்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் ஈரோ சாரினன் (1910-1961) என்பவருக்கு, மேசை நாற்காலிகளின் கீழே காடுபோல் நெருங்கி நிற்கும் கால்கள் கண்ணை உறுத்தின. நான்கு கால்களை நீக்கி ஒரே தண்டின்மேல் மேசை நிற்குமாறு அவர் வகுத்த வடிவம், 1957ஆம் ஆண்டு நோல் என்னும் நிறுவனத்தின் வாயிலாக விற்பனைக்கு வந்தது. வார்ப்பு அலுமினியத் தண்டு பூவின் காம்புபோல் எழுந்து விரிய, அதன்மேல் வட்டமாகச் சலவைக்கல் அமர்ந்திருக்கும். மற்றவர் இத்தாலியின் மிலான் நகரத்தவரான ஆஞ்சலோ மாஞ்சரோட்டி (1921-2012). 1971இல் அவர் படைத்த 'ஈரோஸ்' வரிசை மேசைகளில் ஆணியும் இல்லை, பசையும் இல்லை. மேல்நோக்கிக் குறுகிச் செல்லும் கல் கால், மேற்பலகையில் வெட்டிய துளைக்குள் நுழைகிறது. பலகை தன் எடையாலேயே கீழிறங்கிக் காலை இறுகப் பற்றிக்கொள்கிறது. கல்லின் குறை என்று நாம் எண்ணும் பாரத்தையே அவர் பூட்டாக்கினார்.

மூன்றாவது வகைக்குப் பெயர்பெற்ற கலைஞர் எவரும் இல்லை. பினாங்கு, சிங்கப்பூர் போன்ற இடங்களில் வாழ்ந்த நம்மவர்க்கு அஃது அறிமுகமானதே. சீனத்தின் ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள் அங்கே நடத்திய காப்பிக்கடைகளைக் 'கோப்பித்தியாம்' என்பர். 'கோப்பி' மலாய்ச் சொல். 'தியாம்' கடையைக் குறிக்கும் ஹொக்கியன் சொல். வட்டமான சலவைக்கல் பலகை, அதைத் தாங்கும் மரக்கால், சுற்றிலும் வளைமர நாற்காலிகள் ஆகியவையே அக்கடைகளின் அடையாளம். நம் தமிழ் முஸ்லிம்கள் நடத்திய சாப்பாட்டுக் கடைகளிலும் அதே மேசைகள் கிடந்தன. உயரத்தால் இவை சாப்பாட்டு மேசைகளே. எனினும் காப்பி மேசை என்ற பெயருக்கு இவற்றைவிட உரிமை உடையது வேறெது?

வெப்பநாட்டுக் கடைக்காரர்கள் சலவைக்கல்லைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நிழலில் கிடக்கும் கல்லும் மரமும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். ஆயினும் கல், மரத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் நம் உள்ளங்கையின் சூட்டை ஈர்த்துக் கடத்திவிடும். அதனால் தொட்டால் குளிர்கிறது. ஈரத் துணியால் ஒருமுறை துடைத்தால் எச்சிலும் பிசுக்கும் போய்விடுகின்றன. ஆனால் இக்கல்லுக்கு ஒரு பலவீனமும் உண்டு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் படிவம், பூமிக்குள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியதே சலவைக்கல். அடிப்படையில் அது சுண்ணாம்பே. ஆகையால் புளிப்பு எதுவும் அதற்கு ஆகாது. எலுமிச்சைச் சாறு ஒருதுளி சிந்தினாலும் அவ்விடம் கரைந்து மெருகிழக்கும். காப்பிக்கும் சிறிதளவு புளிப்புத் தன்மை உண்டு. கோப்பையின் அடியில் ஒழுகிய வளையம் துடைக்கப்படாமல் கிடந்தால் மங்கிய தடமாகத் தங்கிவிடும். இவ்வகையில் சலவைக்கல் மேசை, தன்மீது வந்தமர்ந்த கோப்பைகளின் கணக்கைத் தானே எழுதிவைக்கும் ஏடு போன்றது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2011ஆம் ஆண்டு உறவினர் இல்லத் திருமணத்துக்காகப் பினாங்கு சென்றிருந்தேன். என் அத்தா இளமையில் சில ஆண்டுகள் வணிகம் செய்த ஊர் அது. அவர் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்த தெருக்களை நடந்தே பார்த்து வந்தபோது, பழைய மரச்சாமான்கள் விற்கும் கடையொன்றில் அந்த மேசையைக் கண்டேன். இரண்டரை அடி விட்டம். மூடப்பட்டுவிட்ட ஒரு காப்பிக்கடையிலிருந்து வந்தது என்றும், இத்தாலியக் கல் என்றும் விற்றவர் சொன்னார். இக்காலத்து வீடுகளுக்குப் பொருந்தும்படி கால்களை அறுத்துக் குட்டையாக்கி, சோபாவின் முன் போடும் உயரத்துக்குக் கொண்டுவந்திருந்தார். கல்லின் மேல் மங்கிய வளையங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடந்தன. ஓர் ஓரத்தில் சிறு கத்திக்கீறல்கள் தென்பட்டன. அத்தா அமர்ந்த மேசையாகவும் இருக்கலாமே என்று என் மனம் கற்பனை செய்தது. கேட்ட விலையைக் கொடுத்தேன்.

ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ள அக்கல் கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தது. வந்ததும் நான் செய்த முதல் வேலை, சலவைக்கல் மெருகிடும் தொழிலாளர் இருவரை வரவழைத்ததுதான். அவர்கள் இரண்டு நாள் தேய்த்தார்கள். வளையங்கள் மறைந்தன, கீறல்கள் மறைந்தன, மேற்கூரை மின்விசிறியின் நிழல் அதில் தெளிவாகத் தெரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று முதல் கோப்பையின் அடியில் வைக்கச் சிறு தக்கை வட்டுகள் வாங்கி அடுக்கினேன். பேரப் பிள்ளைகள் அம்மேசையை அணுகினால் என் குரல் உயர்ந்தது.

2013இல் ஒருநாள் மாலை, என் அத்தாவின் தோழர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். 1951ஆம் ஆண்டு, பன்னிரண்டு வயதுச் சிறுவனாகப் பினாங்குக்குக் கப்பலேறி, நம்மவர் சாப்பாட்டுக் கடையொன்றில் மேசை துடைக்கும் பையனாக வாழ்வைத் தொடங்கியவர் அவர். முதுமை அவரைச் சற்றே கூன வைத்திருந்தது. ஸலாம் கூறி அமர்ந்தவர் மேசையைப் பார்த்தார்.

"என்ன தம்பி, புது மேசையா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழமைக்காகவே பெரும்பணம் கொடுத்து வாங்கிய பொருளைப் பார்த்து, அதனோடு வாழ்ந்த மனிதர் புதிதா என்று கேட்கிறார்!

"இல்லை மாமா, பினாங்கு காப்பிக்கடை மேசை. ரொம்பப் பழசு" என்றேன்.

அவர் உள்ளங்கையை விரித்துக் கல்லின்மேல் வைத்தார். வைத்தபடியே ஒருமுறை வட்டமாகத் தடவினார். அந்தக் கை துடைத்துப் பழகிய கை என்பது அதன் ஓட்டத்திலேயே தெரிந்தது. அதற்குள் தேநீர் வந்தது. அவர் கோப்பையையும் தட்டையும் வாங்கி மேசைமேல் வைக்கப் போனார். நான் என்னையறியாமல் பாய்ந்து ஒரு தக்கை வட்டை அதன் அடியில் தள்ளினேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. வைக்கப்போன தட்டைத் திரும்பத் தூக்கி மடியருகே வைத்துக்கொண்டார். தேநீரைத் தட்டில் ஊற்றி ஆற்றி, நிதானமாகப் பருகினார். முடிந்ததும் கோப்பையை மேசைமேல் வைக்காமல் என் கையிலேயே கொடுத்தார்.

"ஒருநாளைக்கு எத்தனை தடவை துடைப்போம் என்று கணக்கே கிடையாது தம்பி. நாங்கள் துடைத்த கல் இவ்வளவு பளபளத்ததில்லை" என்றார். குரலில் குத்தல் இல்லை. அதுதான் என்னை மிகவும் குத்தியது.

2016இல் அவர் காலமானார். அந்த மாலைக்குப்பின் எங்கள் வீட்டில் அவர் தேநீர் அருந்தும் வாய்ப்பு நேரவேயில்லை.

அன்றிரவு தொடங்கிப் பலநாள் என்னை அலைக்கழித்த வினா இது: நான் எதற்கு விலை கொடுத்தேன்?

கல்லுக்கா? இத்தாலியின் கராரா மலைகளில் ரோமானியர் காலந்தொட்டுச் சலவைக்கல் வெட்டுகிறார்கள். இன்றோ அங்கே எடுப்பதில் பெரும்பகுதி பாளமாக வருவதில்லை. சிதைந்த துண்டுகளும் தூளுமாக வந்து, அரைபட்டுக் காகிதத்திலும் பற்பசையிலும் கலக்கிறது. கல் மட்டுமே மதிப்புடையதென்றால், நாள்தோறும் அதைக் கொப்பளித்துத் துப்புகிறவர்களை என்னென்பது?

வடிவத்துக்கா? சாரினனின் மேசையை அதே நிறுவனம் இன்றும் செய்து விற்கிறது. மாஞ்சரோட்டியின் மேசையும் இன்று புதிதாகக் கிடைக்கிறது. அதே வடிவம், அதே அமைப்பு, கீறலற்ற மேனி. எனினும் சேகரிப்பவர் அதை விடுத்து, அன்று செய்ததையே தேடுகிறார். ஆகவே வடிவத்துக்கும் அன்று.

எஞ்சுவது காலம் ஒன்றே. ஒரு பொருள் மனிதரோடு கழித்த காலத்துக்கே நாம் விலை தருகிறோம். அந்தக் காலம் கல்லில் தானாக விளைந்ததன்று. மனிதர் அமர்ந்தனர், பேசினர், சிந்தினர். ஒரு சிறுவன் துடைத்தான். மீண்டும் அமர்ந்தனர், மீண்டும் துடைத்தான். இவ்வாறு விளைந்த பழமையைத்தான் கடைக்காரர் எனக்கு விற்றார். நான் கொடுத்த பணத்தில் துடைத்த கைகளுக்குச் சேர்ந்தது ஒன்றுமில்லை.

விற்றவர் சொன்னபடி அது கராரா மலையின் கல்லே என்றால், கணக்கு இன்னும் நீள்கிறது. அம்மலையில் வெட்டிய பாளங்களை மரச்சட்டத்தின்மேல் கட்டி, சோப்புத் தடவிய கட்டைகளின் மீது சறுக்கவிட்டு, கயிறுகளால் பின்னிழுத்துப் பிடித்தபடியே சரிவில் இறக்கும் வழக்கம் 1960கள் வரை இருந்தது. பாளம் நகர நகர, பின்னால் கழன்ற கட்டையை எடுத்து முன்னால் போட ஒருவர் அதன் எதிரிலேயே நிற்க வேண்டும். கயிறு அறுந்தால் அவருக்குத் தப்ப வழியில்லை. அவ்வாறு மாண்டவர் பலர். அவர்களில் எவருடைய பெயரும் எந்த மேசையின் அடியிலும் பொறிக்கப்பட்டிருக்காது. பழைய மேசையின் அடியில் சேகரிப்பவர் தேடுவது நிறுவனத்தின் முத்திரையைத்தான்.

ஆகவே பழம்பொருளின் ஏறிய விலை, அதை ஏற்றியவர்களுக்குச் சேராத விலை. இதைச் சட்டம் தவறென்று சொல்லாது. நானும் திருட்டென்று சொல்லமாட்டேன். ஆயினும் பிறர் உழைப்பில் விளைந்த ஒன்று என் கைக்கு வந்திருக்கும்போது, நான் அதன் முழு உரிமையாளன் என்று மார்தட்டுவது பொருந்துமா? அதை ஓர் அமானிதமாகக் கருதுவதே நேர்மை என்று எனக்குத் தோன்றியது.

சேகரிப்பவர்களின் பக்கமும் நியாயம் உண்டு. அதை மறைப்பது முறையாகாது.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பழைய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்தி வந்த 1966ஆம் ஆண்டுச் சட்டம், 1999ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுற்றது. வாடகைகள் ஏறின. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவரும் வணிகம் செய்தவரும் பலர் வெளியேறினர். 2008இல் அந்நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் பட்டியல் கட்டடங்களைக் காக்கலாம், போனவர்களைத் திருப்பிக் கொண்டுவராது. அவ்வாறு மூடப்படும் கடையின் மேசைகளை வாங்க ஒருவரும் இல்லையென்றால் அவை என்னவாகியிருக்கும்? கல் உடைபட்டுக் குப்பைமேட்டுக்கும், கால் விறகுக்கும் போயிருக்கும். பணம் கொடுத்து வாங்குபவர் இருப்பதால்தான் அவை எஞ்சுகின்றன.

இன்னும் ஆழமான ஒரு வாதமும் உண்டு. வால்டர் பெஞ்சமின் (1892-1940) என்ற ஜெர்மானியச் சிந்தனையாளர் தாமே நூல்களைச் சேகரித்தவர். சேகரிப்பவரின் உள்ளத்தை ஆராய்ந்து எழுதியவர். ஒரு பொருளைச் சேகரிப்பவர் அதனைப் பயன்பட்டே தீரவேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து விடுவிக்கிறார் என்று அவர் கருதினார். எழுபது ஆண்டுகள் சுமந்த கல்லுக்கு ஓய்வு கொடுப்பதில் என்ன பிழை? முதியவரை வேலை வாங்காமல் அமரவைத்துப் போற்றுவதில்லையா நாம்?

கேட்பதற்கு இனிய வாதமே. ஆனால் முதியவருக்கும் மேசைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வேலையிலிருந்து ஓய்ந்த முதியவர் அப்போதும் மனிதராகவே இருக்கிறார். நம்மோடு பேசுகிறார், சிரிக்கிறார், நம்மைக் கடிந்துகொள்கிறார். எதையும் தாங்காத மேசையோ மேசையாக இருப்பதை விட்டுவிடுகிறது. உயர்ந்து நின்று தரையை அடைத்துக்கொள்ளும் கல்லாகிறது.

இமாம் கஸ்ஸாலி (1058-1111) 'இஹ்யா'வில் நன்றியுணர்வைப் பற்றிப் பேசுமிடத்தில், பொன்னையும் வெள்ளியையும் பதுக்குபவரை நீதிபதியைச் சிறையில் அடைத்தவருக்கு ஒப்பிடுகிறார். பண்டங்களின் மதிப்பைத் தீர்த்துச் சொல்லவும், கைமாறிச் செல்லவும் ஏற்பட்டது நாணயம். அதைப் பூட்டிவைப்பவர் தமக்கு மட்டுமன்றி, அந்தத் தீர்ப்பை நம்பியிருக்கும் எல்லாருக்கும் இழப்பைச் செய்கிறார். ஒரு பொருள் எந்த நோக்கத்துக்காக உண்டாயிற்றோ அதை நிறைவேற்றவிடாமல் தடுப்பது நன்றிகேடு என்பது அவர் விளக்கத்தின் சாரம். அவர் பேசியது நாணயத்தைப் பற்றி. எனினும் அந்த உரைகல்லில் என் மேசையை உரைத்துப் பார்த்தேன். விருந்தினரை வரவேற்கப் பிறந்த பொருளைக்கொண்டே நான் ஒரு விருந்தினரைக் கூசச் செய்திருந்தேன்.

அப்படியானால் பழம்பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகங்களும் தவறிழைக்கின்றனவா? இல்லை என்றே நினைக்கிறேன். ஜப்பானியச் சிந்தனையாளர் யானகி சோயெத்சு (1889-1961), பெயர் தெரியாத கைவினைஞர் செய்த அன்றாடப் பொருள்களின் அழகு பயன்பாட்டில்தான் பிறக்கிறது என்று வலியுறுத்தினார். அவரே அத்தகைய கலங்களையும் துணிகளையும் திரட்டி 1936இல் டோக்கியோவில் அருங்காட்சியகமும் அமைத்தார். முரண்போலத் தோன்றினும் முரண் அன்று. அங்கே ஒருவருக்கு மறுக்கப்பட்ட பயன், ஆயிரவருக்குக் காட்சியாகவும் கல்வியாகவும் திரும்பக் கிடைக்கிறது. தடுப்பது பிறருக்காக. என் கூடத்திலோ நான் தடுத்தது எனக்காக. அதிலும், மேசைக்காகக்கூட அன்று. அதைப் பார்த்து வியக்கவேண்டிய கண்களுக்காக.

ஆகவே பழம்பொருளை வாங்குவது குற்றமா என்று கேட்பதைவிட, அது வீட்டுக்குள் வந்தபின் வீட்டார் எவ்வாறு மாறுகின்றனர் என்று கேட்பதே பயனுடையது. அது வந்தபின் நம் குரல் தணிகிறதா, உயர்கிறதா? வருபவர் காலை நீட்டி அமர்கிறாரா, ஒடுங்கி அமர்கிறாரா? குழந்தை அதன்மேல் தாளம் போடுகிறதா, அதைச் சுற்றி அஞ்சி நடக்கிறதா? பொருள் தாழ்ந்து மனிதர் உயர்ந்தால் அது செல்வம். பொருள் நாற்காலியில் அமர, மனிதர் கைகட்டி நின்றால், அதன் விலை எவ்வளவாயினும் நமக்கு நட்டமே.

பேணுதல் வேண்டாம் என்று இதற்குப் பொருளன்று. சிந்தியதை உடனே துடைப்பது பேணுதல். புளிப்பும் எண்ணெயும் தங்காமல் பார்ப்பது பேணுதல். கல்லுக்கு ஆகாத அமிலத் திரவங்களை விடுத்து, மென்சோப்பு நீரால் கழுவுவதும் பேணுதலே. பினாங்குக் கடையின் பன்னிரண்டு வயதுச் சிறுவன் செய்ததும் அதுதான். அவன் அம்மேசையைப் பயன்படுத்தவிடாமல் காக்கவில்லை. அடுத்து வருபவர் பயன்படுத்துவதற்காகக் காத்தான். ஒருவர் எழுந்ததும் துடைப்பான், அடுத்தவர் அமர்வதற்காக. கட்டுரைகள் பல படித்த எனக்குத் தோன்றாத அந்த வேறுபாடு, அவன் கைக்குத் தெரிந்திருந்தது.

மெருகிட்டதையும் நான் பிழையென்றே இப்போது கருதுகிறேன். எந்தக் காலத்துக்கு விலை கொடுத்தேனோ அந்தக் காலத்தையே இரண்டு நாள் கூலி கொடுத்துத் தேய்த்து எடுத்துவிட்டேன். அந்த வளையங்களுள் ஒன்று யாருடைய கோப்பையினது என்று எனக்குத் தெரியாது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரினதாக இருக்கலாம். ஊருக்குக் கடிதம் எழுதக் காசில்லாமல் அமர்ந்திருந்தவரினதாக இருக்கலாம். என் அத்தாவினதாகவும் இருக்கலாம். அவர்கள் இவ்வுலகில் விட்டுச்சென்ற சிறு தடங்களுள் அதுவும் ஒன்று. அழுக்கு என்று எண்ணி அதை அழித்தவன் நான். அதனால்தான் அந்த முதியவருக்கு அது புது மேசையாகத் தோன்றிற்று. அவர் சொன்னது தவறே அன்று. உண்மையில் நான் அதைப் புது மேசையாக்கித்தான் வைத்திருந்தேன்.

இப்போது தக்கை வட்டுகள் எங்கள் வீட்டில் இல்லை. சென்ற ஆண்டு பெருநாளன்று என் பேத்தி எலுமிச்சைச் சர்பத்தைக் கொட்டிவிட்டாள். துடைப்பதற்குள் உள்ளங்கை அளவில் ஒரு மங்கிய தடம் விழுந்துவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்து நடுங்கினாள். அந்த நடுக்கத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்பதை அப்போது உணர்ந்தேன். அவளை அருகில் அழைத்து, துணியை அவள் கையில் கொடுத்து, வட்டமாகத் துடைக்கச் சொன்னேன். மெருகிடுவோரை மீண்டும் அழைக்கலாமா என்று வீட்டில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

அந்தத் தடம் இன்றும் இருக்கிறது. ஆயினும் ஒரு குறை என்னை விட்டு நீங்கவில்லை. அத்தடத்துக்கு அருகே இன்னொரு தடம் இருந்திருக்கலாம். ஒரு கோப்பையின் அடிவட்டம். 2013ஆம் ஆண்டின் ஒரு மாலையில் அதை விழவிடாமல் என் கை தடுத்துவிட்டது. அதை எந்தக் கடையிலும், எந்த விலைக்கும், இனி நான் வாங்க முடியாது.